குறைகளுக்கு ஒரு கட்டம்

— முடியாதுப்பா. கண்ணு தெரியாம வண்டி ஓட்டறவருக்கு நான் எதுக்கு உக்காந்து ஃபாரம் எழுதித் தரணும்?

— கண்ணு தெரியலைன்னு யாரு சொன்னது?

— கண் டாக்டர் சொல்லியிருக்காரு. சீட்டு ஃப்ரிட்ஜ் மேல கெடந்தது. 'இனி வாகனம் ஓட்டக் கூடாது'ன்னு எழுதி, அடியில ரெண்டு கோடு வேற. தேதியைப் பாத்தேன். எட்டு மாசம் ஆச்சு.

— அடுத்தவங்க சீட்டைப் படிக்கறது எப்பலேர்ந்து?

— அடுத்தவங்களா? நீங்க பெத்த பொண்ணுப்பா நான்.

— பெத்த பொண்ணா வந்திருந்தா உக்காந்து டீ குடி. போலீஸா வந்திருந்தா வாசல்லயே நில்லு.

— ரெண்டுமாதான் வந்திருக்கேன். சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஒருத்தர் வராரு, வண்டியைப் பாக்க. பிடிச்சிருந்தா இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடுவாரு.

— அதை விக்கறதுக்கு நீ யாரு?

— உங்க உசுரும் அம்மா உசுரும் போகாம இருக்கணும்னு நெனைக்கற ஒருத்தி. வண்டி எங்கே? ஷெட்டு காலியா இருக்கு.

— வெளிய போயிருக்கு.

— வண்டிக்குக் கால் மொளைச்சுதா, தானா வெளிய போக?

— ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருக்குன்னு வெச்சுக்கோ. கேட்டுக்கோ, எனக்கு இன்னிக்கு ஒரே ஒரு வேலைதான். இந்த ஃபாரம். நம்ம கார் ஓனர்ஸ் கிளப்போட இருபத்தஞ்சாவது வருஷ மலர் போடறாங்க. வண்டி வெச்சிருக்கிற ஒவ்வொருத்தரும் அனுபவத்தை எழுதணும். கடைசித் தேதி இன்னிக்கு. எழுதிக் குடு, அப்புறம் எவ்வளவு வேணா சண்டை போடு.

— எழுதிக் குடுத்தா சாவியைத் தருவீங்களா?

— ஃபாரம் முடியறப்ப சாவி யார் கையில இருக்கணுமோ அவங்க கையில இருக்கும்.

— சரி, குடுங்க. வாக்கு மாறக் கூடாது. ஒண்ணு, உரிமையாளர் பெயர்.

— அதைக் காலியா விடு. கடைசியில போட்டுக்கலாம்.

— பேரு எழுதறதுக்கு நல்ல நேரம் பாக்கணுமா?

— விடுன்னா விடேன். ரெண்டுக்குப் போ.

— ரெண்டு, வாங்கிய ஆண்டு. அது எனக்கே தெரியும். எனக்குப் பதினொரு வயசு. ஸ்கூல் ஷூ கிழிஞ்சு போச்சு, புதுசு வாங்கித் தாங்கன்னு கேட்டதுக்கு, கார் வந்தப்புறம் நீ ஏன் நடக்கப் போறேன்னு சொன்னீங்க. இருபத்திரண்டு வருஷம்.

— ஷூவும் வாங்கித் தந்தேன். அதை மட்டும் மறந்துடு.

— மூணு, இதுவரை ஓடிய தூரம்.

— ரெண்டு லட்சத்துப் பதினோராயிரம்.

— இருங்க. அம்மா பொறந்த நாளுக்கு நான் வந்திருந்தப்ப ரெண்டு லட்சத்து ஏழாயிரம்னு சொல்லி எல்லார்கிட்டயும் மார் தட்டினீங்க. அப்பவும் இந்தச் சீட்டு வாங்கியாச்சு. அதுக்கப்புறம் நாலாயிரம் கிலோமீட்டரா? கண்ணை மூடிக்கிட்டு?

— எண்ணை எழுது. கணக்கு டீச்சர் வேலை அப்புறம்.

— எதிர் வீட்டுக் கண்டக்டர் ஃபோன் பண்ணப்ப நான் நம்பல. விடிஞ்சும் விடியாம உங்க வீட்டு வண்டி வெளிய போகுது, ரெண்டு பேரும் உள்ள இருக்காங்கன்னாரு. அம்மாவையும் பக்கத்துல உக்கார வெச்சுட்டு ஓட்டறீங்களாப்பா?

— பக்கத்துல பக்கத்துலதான் உக்காந்து போறோம். புருஷன் பொண்டாட்டி வேற எப்படிப் போவாங்க?

— வாய் கொழுப்பு மட்டும் கொறையல.

— நாலாவது கேள்வி.

— நாலு, இந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்த காரணம். போச்சு. பழைய பல்லவிதான்.

— எழுது. 'நான் முப்பத்தோரு வருடம் மில்லில் தறி ஃபிட்டராக வேலை பார்த்தேன். அங்கே இருந்த ஜப்பான் தறிகள் பன்னிரண்டும் இந்தக் கம்பெனி செய்தவை. கார் செய்வதற்கு முன்னால் இவர்கள் தறிதான் செய்துகொண்டிருந்தார்கள்.'

— அடுத்த வரி நானே சொல்றேன். 'ஒரு நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும்.' எனக்குத் தாலாட்டே இதுதானே.

— நக்கல் பண்ணாதே. மத்த தறியெல்லாம் நூல் அறுந்தாலும் ஓடிட்டே இருக்கும். நாம எங்கேயோ நின்னுட்டிருப்போம், இங்கே கெஜக் கணக்குல துணி பாழாகும். ஜப்பான் தறி அப்படியில்ல. தப்பு நடந்துடுச்சுன்னு அதுக்கே தெரியும். யாரும் ஓடி வந்து நிறுத்த வேண்டியதில்ல. இந்தப் புத்தியை இரும்புல வெச்சவன் ஒரு கார் செஞ்சா அது எப்படி இருக்கும்? அதை நெனைச்சுதான் வாங்கினேன்.

— தறிக்கு இருக்கிற புத்தி தறி ஃபிட்டருக்கு இல்லையே. நூல் அறுந்தா அது நிக்குது. கண்ணே போனப்புறமும் நீங்க நிக்கலையே.

— அஞ்சாவது கேள்வி என்ன?

— நிறைகள்.

— 'இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நடு ரோட்டில் நின்றதில்லை. ஏசி மட்டும் ஒரு தடவை மாற்றினேன். கதவை மூடினால் இன்றும் முதல் நாள் கேட்ட அதே சத்தம்.' எழுதினியா?

— எழுதியாச்சு. போன மலர்ல இதோட 'ஒரு கீறல்கூட விழுந்ததில்லை'ன்னு எழுதியிருந்தீங்க. அதையும் சேக்கட்டுமா?

— அது வேண்டாம்.

— ஏன் வேண்டாம்? இந்தாங்க, கண்டக்டர் அனுப்பின ஃபோட்டோ. பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க.

— கண்ணாடியை எங்கேயோ வெச்சுட்டேன்.

— கண்ணாடி உங்க மூக்கு மேலதான் இருக்கு. நானே சொல்றேன். பின் பம்பர், ஓரமா, முட்டி உயரத்துல நசுங்கியிருக்கு. நம்ம கேட்டுத் தூணோட சுண்ணாம்பு ஒட்டியிருக்கு. அதே எடத்துல ஒரு தடவை இல்ல, மூணு தடவை. தினம் பத்து நசுங்கின வண்டியைப் பாத்து ரிப்போர்ட் எழுதறவப்பா நான். இன்ஷூரன்ஸ்காரிகிட்ட முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா? ஒரே தூணுல மூணு தடவை முட்டறது ஒண்ணு விவரம் தெரியாத காலேஜ் பசங்க, இல்லேன்னா பார்வை போன பெரியவங்க. நம்ம வீட்டுல காலேஜ் பசங்க யாரும் இல்ல.

— நான்தான் இடிச்சேன்.

— என்ன?

— நான்தான் இடிச்சேன். மூணு தடவையும். ரிப்போர்ட்ல எழுதிக்கோ.

— எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து உங்க வாயிலேர்ந்து தப்புன்னு ஒரு வார்த்தை வந்து இப்பதான் கேக்கறேன். இது அன்னிக்கு வந்திருந்தா நம்ம வீடு வேற மாதிரி இருந்திருக்கும்.

— என்னிக்கு?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. ஸ்கூலுக்குப் போற மேடு. வண்டி வந்து ரெண்டு மாசம்கூட ஆகல. அம்மா ஆசையா ஓட்டக் கத்துக்கறேன்னு உக்காந்தாங்க. நான் பின் சீட்ல. மேட்டுல வண்டி மூணு தடவை அணைஞ்சு போச்சு. பின்னாடி பஸ்காரன் ஹார்ன் அடிச்சான். பஸ்ஸுல என் க்ளாஸ் பொண்ணுங்க. நீங்க என்ன சொன்னீங்க?

— ஞாபகம் இருக்கு.

— 'எறங்கு'ன்னீங்க. ஒத்தை வார்த்தை. அம்மா எறங்கி, வண்டியை முன்பக்கமா சுத்தி வந்து, பக்கத்து சீட்ல உக்காந்து, மடியில கையை வெச்சுக்கிட்டாங்க. அந்தக் கையை அதுக்கப்புறம் ஸ்டியரிங்ல வெச்சு நான் பாக்கல.

— அவளுக்குக் கிளட்ச் புரியலை.

— உங்களுக்கு அவங்களையே புரியலை. அதோட விட்டீங்களா? அந்த வருஷம் மலர்ல, 'குறைகள்'ங்கற கேள்விக்கு நீங்க எழுதினது அச்சுல இருக்கு. ஒப்பிக்கட்டுமா? 'குறை என்று எதுவும் இல்லை. என் மனைவியிடம் சாவி கொடுக்காதவரை இந்த வண்டிக்கு ஆபத்து இல்லை.' ஆண்டு விழாவுல மைக்ல படிச்சாங்க. அவ்வளவு பேரும் சிரிச்சாங்க. அம்மாவும் சிரிச்சாங்க. ஒரு வாய்கூடச் சாப்பிடாம தட்டைத் திருப்பி வெச்சதைப் பாத்தது நான் மட்டும்தான்.

— நீ மட்டும் இல்ல.

— பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க?

— பாத்துட்டுதான் சும்மா இருந்தேன்.

— அப்ப இன்னும் மோசம். நான் முடிவு பண்ணிட்டேன். வண்டி போகுது. அம்மாவும் என்கூட வராங்க. நீங்க இந்த நாலு செவுத்துக்கும் ஜப்பான்காரன் கதையைச் சொல்லிட்டு இருங்க.

— அவ வரமாட்டா.

— ஏன், நீங்க விடமாட்டீங்களா?

— அவளை விடவும் பிடிக்கவும் நான் யாரு? கேட்டுப் பாரு. வந்தா கூட்டிட்டுப் போ.

— எங்கே போயிருக்காங்க?

— ஒரு வேலையா போயிருக்கா. வர்ற நேரம்தான். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கில்ல?

— ஆறு, குறைகள். அன்னிக்கு எழுதினதையே எழுதட்டுமா? வார்த்தை மாறாம தெரியும் எனக்கு.

— அதையும் காலியா விடு. ஓனர் வந்து சொல்லட்டும்.

— ஓனர் வந்தா? எதிர்ல உக்காந்திருக்கிறது யாரு?

— இரு. கொஞ்சம் வாயை மூடு.

— என்னது?

— கேளு. தெரு முனை. நம்ம வண்டி. இப்ப செகண்ட் கியருக்கு வரணும். வரணும்... ம், வந்தாச்சு. போன வாரம் வரைக்கும் அந்த எடத்துல ஒரு குலுக்கு குலுக்கும்.

— ஒர்க்‌ஷாப் ஆளா?

— ஜன்னல்ல பாரு.

— அப்பா... ஓட்டிட்டு வர்றது அம்மா.

— கூட யாராவது இருக்காங்களா?

— இல்ல. தனியா.

— அப்ப லைசென்ஸ் டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டா. போறப்ப டிரைவிங் ஸ்கூல் ஆளு கூட இருந்தான். தூண் கிட்ட வந்துட்டாளா? எனக்குத் தெரியாது, நீ பாத்துச் சொல்லு.

— திருப்பறாங்க. ரிவர்ஸ்ல வராங்க. ஒரு முழம் தள்ளிதான் தூண் இருக்கு. நிறுத்திட்டாங்க.

— ஒரு முழமா? நல்லாத் தெரியுமா?

— நல்லாத் தெரியும். நீங்க எதுக்கு இப்படி வேர்த்துப் போய் உக்காந்திருக்கீங்க?

— டாக்டர் அந்தக் கோடு போட்ட அன்னிக்கே நான் நின்னுட்டேன். நூல் அறுந்தது எனக்குத் தெரியாதா? அன்னிக்கே சாவியை அவ கையில குடுத்தேன். வாங்கமாட்டேன்னுட்டா. பத்து நாள் அது ஃப்ரிட்ஜ் மேல அந்தச் சீட்டோட கெடந்தது. பதினோராம் நாள் எடுத்தா. லைசென்ஸ் கையில வர்ற வரைக்கும் நீங்க யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது, முக்கியமா பொண்ணுகிட்டன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. தினம் விடியக்காலையில அந்த மேட்டுக்குத்தான் போவோம். அதே மேடு.

— அப்ப அந்தத் தூணு?

— முதல் மாசம். நான் பின்னால பாத்துச் சொல்லணும். நான் பாத்துச் சொல்ற லட்சணம் உனக்கே தெரியுமே. அதனால நான்தான் இடிச்சேன்னு சொன்னது பொய்யில்ல.

— வாய் வலிக்கத் திட்டினேனேப்பா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— சத்தியம் பண்ணியிருக்கேன்ல? திட்டினா திட்டிட்டுப் போ. அன்னிக்கு அந்த மேட்டுல நான் திட்டினதை அவ கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாளே. வண்டியை அவ பேருக்கு மாத்தி மூணு மாசம் ஆச்சு. முதல் கேள்விக்கு உங்கம்மா பேரை எழுது. எழுத்து நல்லா இருக்கட்டும். இதோ, அவளே உள்ள வந்துட்டா.

— எப்படி வந்தே நீ? வரேன்னு ஒரு ஃபோன்கூட இல்ல. சாப்பிட்டியா?

— அம்மா. டெஸ்ட்டு...

— சொல்லிட்டாரா? இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியல அந்த மனுஷனால. பாஸ். மேட்டுல நிறுத்தி எடுக்கச் சொன்னாரு ஆபீசர். எடுத்தேன். ஒரு தடவைகூட அணையல.

— அஞ்சு மணிக்கு ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன்மா. வண்டியை விக்கலாம்னு.

— யாரைக் கேட்டு? ஃபோன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடு. அது என்ன கையில?

— மலருக்கு ஃபாரம். எல்லாம் எழுதியாச்சு. ஆறாவது மட்டும் காலியா இருக்கு. குறைகள். ஓனரைத்தான் கேக்கணும்னு அப்பா சொல்லிட்டாரு.

— அப்படியா சொன்னாரு? சரி, எழுது. 'வண்டியில் குறை என்று எதுவும் இல்லை. பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்தான் வாயை மூடுவதில்லை. அவரிடம் சாவி கொடுக்காதவரை இந்த வண்டிக்கு ஆபத்து இல்லை.'