நீலத் தலைமயிர் மனேஜர்

…நானோ? நானெங்கை தம்பி அந்த மனேஜர்? அவனுக்கு நீலத் தலைமயிர். என்ரை தலையை வடிவாப் பாருங்கோ. இதிலை நீலம் தெரியுதே? மயிரே இல்லை, பிறகெங்கை நீலம்! ஃபோனை உள்ளுக்கை வையுங்கோ. இஞ்சை படமெல்லாம் எடுக்கப்படாது. ஐயோ, அந்தக் கதிரை வேண்டாம், அது ஆடும். இஞ்சாலை வந்து எனக்கு முன்னாலை இருங்கோ. கொஞ்சம் சுணங்கும். எங்கடை குக் நிஸ்தார் ஜும்மாவுக்குப் போட்டான். தொழுதுபோட்டு வந்தவுடனை கொத்துப் போடுவான். அதுவரைக்கும் நானும் நீங்களும்தான். உங்களுக்கென்ன, வெளியிலை பனி, உள்ளுக்கை ஹீற்றர், கதைக்க நான். கேட்டால் கிடைக்குமே இப்பிடி?

எங்கையிருந்து வாறியள்? ஒஷாவாவோ! ஒரு கொத்து ரொட்டிக்கு ஒஷாவாவிலையிருந்து அஜின்கோர்ட்டுக்கு, இந்தப் பனிக்கை? ஓமோம், கொத்துக்குத்தான் வந்திருக்கிறியள். நான் நம்பீட்டன்.

என்ன ஓடர் சொன்னனீங்கள்? நண்டுக் கொத்தோ? வேண்டாம். உங்கடை முகத்துக்கு நண்டு சரிவராது. கோழி போடச் சொல்லுறன். இல்லையில்லை, ஒண்டும் சொல்லாதேங்கோ, கோழிதான். முகத்தைப் பாத்தால் எனக்குத் தெரியும். உந்தக் காட்டூனிலை என்னத்தைக் காட்டியிருக்கிறாள் தெரியுமே? மனேஜர் ஆக்களின்ரை முகத்தைப் பாத்து ஓடரை மாத்துறாராம்! பாருங்கோ தம்பி, என்ன அநியாயப் பொய்!

ஆரெண்டோ? அட்சயா. இஞ்சை ரேபிள் பாத்த பிள்ளை. பிள்ளை எண்டாலும் இருபத்தைஞ்சு வயசு. கொலிச்சிலை காட்டூன் கீறப் படிச்சவள். யப்பான்காரர் கீறுவினமே, முகத்திலை பாதி கண்ணாயிருக்கும், அனிமே எண்டு, அது. படிச்ச படிப்புக்கு வேலை கிடைக்கேல்லை. இஞ்சை வந்தாள். நான்தான் எடுத்தன். நான்தான் சாப்பாட்டு ரே பிடிக்கப் பழக்கினன். அவள் என்ன செய்தாள்? ஒரு கையாலை ரேயைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையாலை என்னைக் கீறியிருக்கிறாள்! கீறி, ஆட வைச்சு, யூரியூப்பிலை விட்டிருக்கிறாள். இலவச விளம்பரம் எண்டு முதலாளி ஹலீமுக்குச் சந்தோஷம். என்னட்டை வந்து, “மனேஜர், ஒரு நீல விக் வாங்கித் தாறன், போடுறியளோ?” எண்டு கேக்கிறார். முதலாளியாப் போட்டார், இல்லாட்டி அவருக்கும் ஒரு மஞ்சள் காட்டியிருப்பன்.

ஏன் சிரிக்கிறியள்? ஓ… மஞ்சள் கார்ட்டோ? அதுவும் அவளின்ரை வேலைதான். காட்டூனிலை மனேஜர் சேட்டுப் பொக்கற்றுக்கை கார்ட் வைச்சிருக்கிறாராம். சுணங்கி வந்தால் மஞ்சள், பிளேற் உடைச்சால் மஞ்சள், கழுத்திலை விசில் வேறை. இதிலை என்ன பகிடி? நான் ஊரிலை, குருநகரிலை ஃபுட்போலுக்கு ரெஃபறியா நிண்டவன். இஞ்சையும் வெய்யில் காலத்திலை எங்கடை ஆக்களின்ரை மச் எல்லாத்துக்கும் இந்த யேசுரட்ணம்தான் ரெஃபறி. கேட்டுப்பாருங்கோ. குடுத்த முடிவை ஒருநாளும் மாத்தினதில்லை. கோல் இல்லையெண்டால் இல்லை. ஒருக்கா ரெண்டு கிளப்காரரும் சேர்ந்து என்ரை காரைச் சுத்தி நிண்டவை. அப்பவும் இல்லை. அப்பிடிப்பட்டவன் நடத்துற கடையிலை ஒழுங்கு இருக்கவேண்டாமோ? பாருங்கோ, பேந்தும் சிரிக்கிறியள். இந்தாங்கோ, மஞ்சள். பகிடிக்கில்லை, உண்மையாத்தான். ஐயோ, அதைப் படமெடுக்காதேங்கோ!

பிறகு இன்னொண்டு. பிளேற் உடைஞ்சால் எல்லாரையும் வரிசையிலை நிப்பாட்டி மௌன அஞ்சலி செய்யிறனாம். தம்பி, அது அஞ்சலியில்லை. உடைச்சவை யோசிக்கிறதுக்கு நான் குடுக்கிற நேரம். கஸ்ரமரும் எழும்பி நிண்டால் அது அவையின்ரை நல்ல பழக்கம், நான் கேக்கேல்லை. ஒருக்கா ஒருதர் தொப்பியையும் கழட்டினவர்.

ஒண்டு மட்டும் சொல்லவேணும். எனக்கு இந்த வண்டி வயிறு இல்லாமல் கீறியிருக்கிறாள். நெஞ்சும் தோளும் ஒரு பட்டாளத்துக்காரன் மாதிரி. அதிலை ஒரு பிழையும் நான் பிடிக்கேல்லை.

எனக்கு எப்ப தெரியவந்தது எண்டால்… அதுதான் வெக்கக்கேடு. சனம் திடீரெண்டு கூட வருது. உங்களை மாதிரி தூர இடத்து ஆக்கள். வந்து கவுண்டருக்கு முன்னாலை நிண்டு என்னையே பாக்கினம். நான் நினைச்சன், என்ரை நிர்வாகத்துக்கு இப்பதான் ஒரு பேர் வந்திருக்கெண்டு. காலமை மீற்றிங்கிலை எல்லாருக்கும் ஒரு பேச்சும் பேசினன். “ஒரு கடையின்ரை முகம் மனேஜர்” எண்டு. நிஸ்தார் கூல் றூமுக்கை ஓடிப் போனவன், கனநேரம் வெளியிலை வரேல்லை. குளிருக்கை நிண்டு சிரிச்சிருக்கிறான்! அண்டைக்குப் பின்னேரம் ஒரு அன்ரி வந்து ஃபோனைக் காட்டி, “இது நீங்கள்தானே? எங்கடை வீட்டிலை எல்லாரும் உங்கடை ரசிகர்” எண்டா. பாத்தன். நீலத் தலைமயிர். விசில். “ஒரு கடையின்ரை முகம் மனேஜர்” எண்டு அந்தக் காட்டூன்காரன் சொல்லுறான். காலமை சொன்னது தம்பி! பின்னேரத்துக்கிடையிலை போட்டுட்டாள்! அந்த வேகத்திலை ஒருநாளாவது ரேபிள் துடைச்சிருப்பாளோ?

சரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடை நிறையச் சனம். நான் நடுவிலை போய் நிண்டு விசிலை ஊதினன். “அட்சயா, இஞ்சை வா!” வந்தாள். கையிலை ரே. எடுத்தன் சிவப்பு. காட்டினன். இவ்வளவு உயரத்துக்கு. “வெளியிலை!”

அழுவாள் எண்டு நினைச்சன். இல்லாட்டிச் சண்டை பிடிப்பாள், இஞ்சை பிறந்த பிள்ளையள் சட்டம் கதைக்குங்கள். அவள் ஏப்ரனைக் கழட்டினாள். வடிவா மடிச்சாள். “அங்கிள், அந்த மூலை ரேபிளுக்கு இன்னும் அப்பளம் குடுக்கேல்லை” எண்டாள். போயிட்டாள்.

சனம் என்ன செய்தது தெரியுமே? கை தட்டினது! காட்டூனிலை வாற ஏதோ ஒரு கட்டம், நேரிலை செய்து காட்டுறம் எண்டு நினைச்சுதுகள். ஒரு மனிசன் விசிலும் அடிச்சார். அந்தக் கைதட்டலுக்குள்ளாலை நான் அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு மூலை ரேபிளுக்குப் போனன். “சூப்பர் அங்கிள்” எண்டினம். சூப்பராம்.

…தேத்தண்ணி குடிக்கிறியளோ? கோப்பி கேக்காதேங்கோ, உங்களுக்குத் தேத்தண்ணிதான் நல்லது.

அண்டைக்கு இரவிருந்து அவள் போட்டது முழுக்கப் பாத்தன். ரசிக்கிறதுக்கில்லை, ஆதாரத்துக்கு. மனிசியும் பக்கத்திலை இருந்து பாத்தா. கடைசியிலை, “உது நீங்கள்தான்” எண்டா. வேறையொண்டும் சொல்லேல்லை. அவ எப்பவும் அப்பிடித்தான், வீட்டிலை வாயே திறக்கிறேல்லை. ஏனெண்டு எனக்கு இண்டுவரைக்கும் விளங்கேல்லை.

பாத்தால் தம்பி, பிழையெண்டால் பிழை! மனேஜர் இடக்கையாலை சாம்பார் ஊத்துறார். மனேஜர் பில்லைக் கஸ்ரமரிட்டை எறியிறார். நான் எறியிறனோ? வைக்கிறன். கொஞ்சம் தூரத்திலையிருந்து வைக்கிறன். அப்ப அவளுக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினன். “அட்சயா, நீ வேலையிலை இல்லை, அது வேறை கதை, ஆனால் சாம்பார் வலக்கை.” ஒரு கட்டை விரலை நிமித்தி அனுப்பினாள். அடுத்த காட்டூனிலை சாம்பார் வலக்கைக்கு மாறீட்டுது. பாத்தியளே, சொன்னால் கேக்கிற பிள்ளைதான்! அப்ப மற்றப் பிழையளையும் சொன்னன். “அங்கிள், உங்கடை குரலையே போடட்டோ?” எண்டு கேட்டாள். “போடு, சனம் உண்மையைக் கேக்கட்டும்” எண்டன். போட்டாள்! நான் ஏசின ஏச்சு முழுக்க அந்த நீலத் தலையன்ரை வாயிலையிருந்து வருது! வழக்குப் போடுவன் எண்டு அனுப்பினன். அதையும் போட்டாள். அதுக்குத்தான் சனம் விழுந்து விழுந்து சிரிச்சதாம்.

ஏன் அனுப்புறதை நிப்பாட்டேல்லையெண்டோ? நல்ல கேள்வி கேக்கிறியள். நிஸ்தாரும் இதைத்தான் கேக்கிறவன். “மனேஜர், கதையை நீங்கள்தானே எழுதிக் குடுக்கிறியள், பிறகேன் கத்துறியள்?” எண்டு. பிழையிருந்தால் திருத்தவேண்டாமோ? அதோடை… மத்தியானச் சனம் போனால் இந்தக் கடையிலை ஆரிருக்கினம்? நிஸ்தார் காதுக்கை வயரைச் செருகீடுவான். முந்தியெண்டால் அவள் நிப்பாள். நான் கதைப்பன், அவள் கீறிக்கொண்டு கேப்பாள். அதுதான்… மெசேஜிலையும் கேக்கிறாள்தானே. சரி, அதை விடுங்கோ.

இப்ப என்ன கரைச்சலெண்டால், அவளுக்கு வன்கூவரிலை வேலை கிடைச்சிட்டுது. பெரிய காட்டூன் கொம்பனி. என்னைக் கீறித்தான் கிடைச்சது, என்ரை முகத்துக்கு அங்கை ஒரு கதிரையும் இல்லை! வாற ஞாயிறு போறாளாம். போக முதல் கடைசிக் காட்டூன் ஒண்டு. நேற்று மெசேஜ் போட்டிருக்கிறாள். “அங்கிள், எப்பிடி முடிக்கிறதெண்டு தெரியேல்லை. நீங்களே சொல்லுங்கோ.” எப்பிடியிருக்கு? கீறினது அவள், பேரெடுத்தது அவள், முடிவு மட்டும் நான் சொல்லவேணுமாம்!

நிஸ்தார் சொல்லுறான், “மனேஜர் சிவப்புக் கார்ட்டைத் திருப்பி எடுக்கிறார் எண்டு முடியுங்கோ.” எடுக்கேலாது தம்பி. ரெஃபறி ஒருக்கா திருப்பி எடுத்தால் பிறகு ஆர் மதிப்பான்? …ஃபவுல் செய்தவளோ எண்டு கேளுங்கோ. கேளுங்கோ பரவாயில்லை. இல்லை. ஒரு ஃபவுலும் செய்யேல்லை. அண்டைக்கு அவ்வளவு சனத்துக்கு முன்னாலை… ம்ம். அவள் திரும்பி நிண்டு கத்தியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

ஆ, நிஸ்தார் வந்திட்டான். சப்பாத்திலை பனியோடை உள்ளுக்கை வராதை! இந்தத் தம்பிக்கு ஒரு கோழிக் கொத்து. …என்ன? நீ ஜும்மாவுக்குப் போகேக்கை வாசலிலையே நண்டெண்டு உனக்குச் சொன்னவரோ? சரி… சரி போடு, நண்டே போடு. எனக்கென்ன, அவரின்ரை வயிறு.

கேக்குதே தம்பி, கொத்துற சத்தம்? நல்ல சத்தம். இந்தச் சத்தத்துக்கை கதைச்சால் எனக்கே கேக்காது. இப்பவே அனுப்பிவிடுறன், அலுப்பு முடியட்டும். நீங்கள் பக்கத்திலை இருங்கோ. பிழையா ஏதும் சொன்னால் கையைக் காட்டுங்கோ. எங்கை அமத்துறது… ஆ.

“அட்சயா, யேசுரட்ணம் கதைக்கிறன். முடிவு கேட்டனீ. கேட்டுக்கொள். மனேஜர் கடை வாசலிலை நிக்கிறார். பனி கொட்டுது. இல்லை, பனி வேண்டாம், அழ வைக்கப் பாக்கிறாரெண்டு சொல்லுவினம். வெய்யில். அந்தப் பிள்ளை பெட்டியோடை வருது. மனேஜர் சொல்லுறார்… மனேஜர் என்ன சொல்லுறாரெண்டால்… அவர் கனக்கக் கதைக்கிறவர் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனால் அண்டைக்கு அவருக்கு ஒண்டும் வருகுதில்லை. கடைசியிலை, ‘அண்டைக்கு நான் உன்னை அனுப்பினது பிழை’ எண்டு சொல்லுறார். அவ்வளவுதான். பிள்ளை என்ன சொன்னதெண்டு எனக்குத் தெரியாது. …அட்சயா, இதைப் போடாதை. இது காட்டூனுக்கில்லை.”

மெசேஜ் போயிட்டுது. சை. போட்டுது தம்பி. இனி திருப்பி எடுக்கவும் ஏலாது போலை. இப்ப கட்டை விரல் வரும் பாருங்கோ. எப்பவும் உடனை வாறது… வரேல்லை. கேக்கேல்லையோ? ரெண்டு நீலக் கோடு விழுந்திட்டுது, கேட்டிட்டாள். பிறகேன்… ஐயோ! அடிக்கிறாள் தம்பி! ஃபோன் அடிக்கிறாள்! அவள் தானா ஒருநாளும் எனக்கு அடிக்கிறேல்லை! நான் என்னத்தைச் சொல்ல? நீங்கள் ஒருக்கா எடுத்து, மனேஜர் பிஸி எண்டு சொல்லுங்கோ… தம்பி? எங்கை… நிஸ்தார், இஞ்சை இருந்த தம்பி எங்கை? பார்சலை வாங்கிக்கொண்டு போட்டாரோ? எப்ப? நான் கதைச்சுக்கொண்டு நிக்கேக்கையோ? ஒரு சொல்லுச் சொல்லாமல்!

இன்னும் அடிக்குது. …சரி. சரி, கல்லைச் சுரண்டுற சத்தத்தை நிப்பாட்டு நிஸ்தார்.

ஹலோ. ஓம் பிள்ளை, நான்தான்… இல்லையில்லை, வேலையொண்டுமில்லை. இல்லை, நான் கதைக்கேல்லை. நீ சொல்லு. நான் கேக்கிறன்.