கொளஞ்சி படித்த அரபி

உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர் சவரிமுத்து அண்ணன் அவர்களே! கூனிமேட்டு ஜமாஅத் பெரியவர்களே! அனுமந்தைச் சகோதரர்களே! காலில் ஒட்டிய உப்புச் சேறோடு வந்து நிற்கும் தாய்மார்களே! தையல்காரி சாயிராவின் ஸலாமும் வணக்கமும்.

அழுவதற்காக நான் மேடை ஏறவில்லை. அழுகையை வீட்டிலேயே முடித்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த நம் தோழர் கொளஞ்சி மாரடைப்பில் சாய்ந்தார். அவரைப் பற்றிப் பேசுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் கணவர் வெற்றிச்செல்வனுக்கு டிரைவர் வேலை என்று ஒரு ஏஜெண்ட் மூலமாக அரபி ஒப்பந்தம் வந்தது. கொளஞ்சி அதை என்னிடம் கொண்டுவந்தார். சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதியவள் நான். எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது. அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ராகமாகப் படித்துக் காட்டி, "அரபியில எழுதியிருக்குது, பொய்யா இருக்காது. கையெழுத்துப் போடச் சொல்லு" என்றேன். அதில் எழுதியிருந்தது ஆடு மேய்க்கும் வேலை!

சம்பளமில்லாமல் பாலைவனத்தில் கிடந்தார் வெற்றிச்செல்வன். கொளஞ்சி என்னைத் திட்டினாரா? இல்லை. என் கடைக்கு வந்து சொன்னார்: "அக்கா, எழுத்து உனக்குத் தெரியுது. அர்த்தத்த நான் புடிச்சிட்டு வர்றேன். ரெண்டு பேரும் சேந்தா படிச்ச ஆளு ஒண்ணு ஆயிடலாம்."

நாற்பத்து மூன்று வயது! புதுச்சேரியில் வகுப்புக்குக் கேட்ட ஃபீஸ் அவருக்கு ஒரு சீசன் கூலி. விட்டாரா? மகளின் போனில் இலவசப் பாடம் கேட்டார். பேரீச்சம்பழ அட்டையைப் படித்தார். கல்ஃபிலிருந்து லீவில் யார் வந்தாலும் ஒரு பை உப்போடு போய் நின்று, "பத்து வார்த்தை சொல்லிக் குடுங்க" என்றார். வரப்புச் சேற்றில் குச்சியால் எழுதிப் பார்த்தார். இரண்டு வருஷம் கழித்து, அந்த அரபி முதலாளிக்குப் போன் போட்டு அரபியிலேயே பேசினார். டிரைவர் என்று சொல்லி ஏமாற்றி அனுப்பிய கதை அந்த மனிதருக்கே அப்போதுதான் தெரிந்தது. அடுத்த மாதம் கணவர் வீடு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு எத்தனை பேருடைய காகிதங்களைப் படித்துச் சொல்லி எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றினார்!

அன்று வெற்றிச்செல்வனை அனுப்பிய ஏஜெண்ட் இந்தக் கூட்டத்துக்கும் வந்திருக்கிறார். மூன்றாவது வரிசையில், மடியில் ரோஜா மாலை. யாரும் திரும்ப வேண்டாம். அவருக்கே தெரியும்.

ஐயா, கொளஞ்சியின் சாப்பாட்டுப் பையில் உங்களுடைய புது ஒப்பந்தம் இருந்தது. அனுமந்தைக்காரர்கள் இருபத்திரண்டு பேருக்கு கல்ஃபில் மீன்பிடிப் படகில் வேலை என்றீர்கள். நாலு பக்கம் படித்துச் சிவப்புப் பேனாவால் குறித்து வைத்துவிட்டுச் செத்துப்போனார். இனி யார் படிக்கப் போகிறார் என்று நிம்மதியாக மாலை வாங்கினீர்களா? ஐந்தாம் பக்கத்திலிருந்து நான் படித்தேன்! மூன்று நாளாயிற்று, வார்த்தைக்கு வார்த்தை அகராதி பார்த்துப் படித்தேன். கட்டட வேலை, பாஸ்போர்ட் அவர்கள் கையில், மூன்று வருஷம் ஊர் திரும்ப முடியாது. இதுதானே உங்கள் படகு?

கொளஞ்சி உங்களை மன்னித்திருப்பார். அவர் மனசு அப்படி. எனக்கு அந்த மனசு கிடையாது. உங்கள் தொழில் அழிவதைக் கண்ணால் பார்க்காமல் நான் ஓயமாட்டேன். ஞாயிறுதோறும் இந்தச் சங்கக் கட்டடத்தில் ஃபீஸ் இல்லாத அரபி வகுப்பு நடக்கும். உங்கள் காகிதங்கள்தான் பாடப்புத்தகம். நீங்கள் எந்த ஊரில் ஆள் பிடிக்கப் போனாலும் உங்களுக்கு முன்னால் நான் அங்கே உட்கார்ந்திருப்பேன்.

மாலையை எடுத்துக்கொண்டு எழுந்திருங்கள். வெளியே உங்களுக்காகப் போலீஸ் ஜீப் நிற்கிறது. அனுமந்தைக்காரர்கள் இருபத்திரண்டு பேரும் இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், எங்கள் புகாரில்.