துரும்பு கிள்ளாத வழக்கு

இல்லீங்க பட்டக்காரரே, எம்புருசன் அடிக்கறதில்லீங்க. குடியும் இல்லீங்க. வேற பொம்பள சகவாசமும் கெடையாதுங்க. உங்க பங்காளி சின்னுசாமி பெத்த மவன் தங்கமுங்க. ஆனா எங்களத் தீத்து வுட்டுருங்க.

காரணமா? போன பஞ்சாயத்துலயே சொன்னனுங்களே, படிப்புத்தான். காப்பித் தோட்டத்துத் தொரை பட்டணத்துக் காலேஜுல சேத்து வுட்டாரே, அந்தப் படிப்பு. வக்கீலுக்கும் இல்லீங்க, டாக்டருக்கும் இல்லீங்க. ஒலகத்துல இருக்கற அத்தன தேசத்துக் கதையவும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எது எதாட்டம் இருக்குதுன்னு பாக்கறதாமுங்க. ஆமாங்க, அதுக்குப் பரீச்சை வேற. நானும் மொதல்ல உங்களாட்டந்தான் சிரிச்சேன்.

லீவுக்கு வந்தா ஊட்டுலயும் அதேதானுங்க. காட்டுப்பன்னி மரவள்ளியத் தோண்டுது, வெரட்டுங்கன்னேன். பன்னி எல்லாத் தேசத்துக் கதையிலயும் தோண்டுதுன்னு வரப்பு மேல ஒக்காந்துக்கிட்டாரு. ஒத்தத் தேசத்துலயாச்சும் வெரட்டுனாங்களான்னு கேட்டா, அதப் பாக்கலியேன்னு பொஸ்தகத்தத் தேடறாரு. அதுக்குள்ள பாதிக் காடு போச்சுங்க.

எங்க மாமியா கண்ணாயி, ஒருக்கா களி அடிப்புடிச்சுப் போச்சுன்னு வெளக்கமாத்தத் தூக்கிட்டாங்க. இவரு ஓடி வந்தாரு. அட, நமக்காகத்தான் வர்றாருன்னு நெனச்சேன். ஆத்தா, சீனாவுலயும் மாமியா இப்படித்தான், ருசியாவுலயும் இப்படித்தான்னு சந்தோசமாச் சொல்றாரு. அன்னையிலருந்து எங்க மாமியாளுக்கு ஒரே பெருமை. என்னையத் திட்டறப்பல்லாம், இது ஒலக வழக்கமடின்னு சொல்லிட்டுத்தான் திட்டறாங்க.

சிரிக்காதீங்க. போன தரம் காரியம் கெட்டது உங்களாலதான். நம்ம வழக்கம் என்னங்க? சபையில ரெண்டு பேரும் ஒரு துரும்பப் புடிச்சுக் கிள்ளிப் போட்டா புருசன் பொண்டாட்டி ஒறவு தீந்துச்சு. புடிச்சுட்டமுங்க. இவரு துரும்பப் பாத்துட்டு, ஒரு தேசத்துல இதுக்குச் சட்டி ஒடைப்பாங்க, அப்படி ஒடைக்கப் போன ஒருத்தி என்ன பண்ணுனா தெரியுமான்னு ஆரம்பிச்சாரு. நீங்க சும்மா இருந்திருக்கலாம். அப்பறம்னு கேட்டீங்க. பொழுது எறங்கற வரைக்கும் கதைதான். துரும்பு எங்க வுழுந்துச்சுன்னே தெரியல. இன்னைக்குப் பாருங்க, மலைக்கு அந்தப் பக்கத்துப் பெரக்கரை நாட்டுலருந்தெல்லாம் சோத்து மூட்டையோட வந்து ஒக்காந்திருக்கறாங்க. எங்க வழக்கு தீரட்டும்னா வந்தாங்க?

அதென்ன அவசரமா? அது வந்துங்க, பன்னிக்கும் வெளக்கமாத்துக்கும் யாராச்சும் தீத்துக்குவாங்களா? தொரை சீமைக்குப் போறாருங்க. இவரையும் மேல படிக்க வெக்கறேன்னு கப்பல்ல கூட்டிட்டுப் போறாராம். எப்பத் திரும்புவாருன்னு தொரைக்கே தெரியாதாம்.

அந்தச் சேதி வந்தன்னைக்கு, மொளகு காயப்போட்டுட்டே கேட்டேன். ஏனுங்க, புருசங்காரன் கப்பலேறிப் போற கதை இருக்குதுங்களான்னு. எல்லாத் தேசத்துலயும் இருக்குதுன்னாரு. பொண்டாட்டி என்ன பண்றான்னேன். காத்துட்டு ஒக்காந்திருக்கறான்னாரு. எல்லாத்துலயுமான்னேன். எல்லாத்துலயும்னாரு, மூஞ்சி பூராச் சிரிப்பு. பரீச்சையில அதத்தான் எழுதுனாராம், நல்லா மார்க்கு வந்துச்சாம்.

எனக்கு அழுகை வந்துருச்சுங்க. எனக்கு அவர ரொம்பப் புடிக்குமுங்க. அதான் பயம். ஒக்காந்தன்னா ஒக்காந்தே கெடப்பேன். அதுக்கு இப்பவே தீத்துக்கிட்டு எங்கப்பன் காட்டுக்குச் சாமை வெதைக்கப் போயிர்றேன்.

துரும்பு நானே கொண்டாந்துட்டேன். அந்தா வர்றாருங்க. இந்தத் தரமாச்சும் அப்பறம்னு கேட்டுறாதீங்க சாமி. நீங்க கேட்டீங்கன்னா, நானும் ஒக்காந்து கேட்டுருவேன்.