கிழிந்த காகிதத்தைக் கண்டு கூடத்தைக் காலி செய்த சாவியம்மாவுக்கு

“எல்லாரும் வெளிய போங்க. சுவர்ல யாரும் சாயாதீங்க” என்று தாங்கள் கத்த, “இன்னைக்குத்தான் கண்காட்சி திறப்பு. மானத்த வாங்காதீங்க சாவியம்மா” என்று தலைவர் அதைவிட உரக்கக் கத்த, எண்பது விருந்தினர் கையில் தேநீரோடு விழித்தனரே, அந்தக் கூச்சலிலிருந்தே இம்மடலைத் தொடங்குகிறோம், எங்கள் பழந்தெருச் சமுதாயக் கூடத்தின் விழித்த கண்ணே, வளையாத நாவே!

முப்பத்தோராண்டுகள் இக்கூடத்தைத் திறந்தீர்கள், பூட்டினீர்கள், இடையிடையே எங்களைத் திட்டினீர்கள். சுவரில் விரிசல் கண்ட இடமெல்லாம் குறுக்கே காகிதப் பட்டை ஒட்டித் தேதி எழுதுவது தங்கள் வழக்கம். காகிதம் கிழிந்தால் விரிசல் வளர்கிறது என்று பொருள். அதைக் கைவைத்தியம் என்று சிரித்தவர்களில் நாங்களும் உண்டு, மறுக்கவில்லை.

கட்டடத்தைப் பார்த்து அதற்கேற்பக் கலை செய்ய வந்த ஓவியப்பெண், தங்கள் பதினோரு பட்டைகளைக் கண்டு மயங்கினாள். அதே காகிதம், அதே பசை, கண்காட்சிக்கென முந்நூறு பட்டைகள் செய்தாள். ஒவ்வொன்றிலும் தெருவார் ஒருவரின் நினைவு. நாங்களே ஏணி பிடித்து ஒட்டினோம். எது கலை, எது காவல் என்று தெரியாதபடி சுவரையே மூடிவிட்டோம். தாங்கள் மட்டும் தினமும் காலையில் முந்நூற்றுப் பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் படித்தீர்கள். பொறாமை என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

திறப்பு நாளில் ஒரு பட்டை நடுவே கிழிந்திருந்தது.

“ஏதாவது குழந்தை கிழிச்சிருக்கும்” என்றார் தலைவர்.

“பத்தடி உயரத்துலயா? அப்ப அந்தக் குழந்தைக்கு முதல்ல ஒரு மாலை போடுங்க” என்றீர்கள். பிறகு சிரிக்கவில்லை. அந்தச் சுவருக்கு மறுபுறம் தையல்காரர் வீடு. அவர் இங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவியும் கைக்குழந்தையும் அங்கே சுவரோரம் படுத்திருந்தார்கள். “தம்பி, உம் பொண்டாட்டிய எழுப்பு, ஓடு” என்ற குரலில் அவர் கையிலிருந்த குவளை விழுந்ததை நாங்கள் இன்றும் கேட்கிறோம்.

சுவர் விழவில்லை. விழுந்திருந்தால்கூட அச்சம் தீர்ந்திருக்கும். மறுநாள் வந்த பொறியாளர் அந்தப் பட்டையை உரித்து விரிசலில் கையை விட்டார்; கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. வேடிக்கை பார்க்க வந்த நாங்கள் அவர் முகம் மாறியதைப் பார்த்தோம். அன்றே இரும்பு முட்டுகள் வந்தன.

அன்னையே, தாங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். தங்கள் வேலைக்கு இதுவரை ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. பட்டைகளைப் படிக்க முயன்றோம். எல்லாம் கிழிந்தாற்போலவும் தெரிகிறது, எதுவும் கிழியாதது போலவும் தெரிகிறது. மேலே காரை உதிரும் ஓசை கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்க்கிறோம்.

தாங்கள் நலத்தோடும் நீண்ட ஆயுளோடும், விரிசலே இல்லாத வீட்டில், எதையும் அண்ணாந்து பார்க்காமல் உறங்கி வாழ்க!

கையொப்பமிட்டோர்:
ஓவியப்பெண் (பொறியாளரை மணந்து புதுக் கட்டடத்தில் குடியிருக்கிறாள்)
தையல்காரர் (மனைவி, குழந்தையோடு இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டார்)
தலைவர் (மகன் வீட்டிலிருந்து தபாலில்; முழங்கால் வலி என்கிறார், நம்புவோம்)
செயலாளர் (வேறு வீடு இன்னும் அமையவில்லை; தையல்காரர் காலி செய்த வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் இருக்கிறார்)