மெட்டிகுலஸ்லி பார்த்த கதவு

இருந்தவர்கள்: உஷாராணி, இந்த வீட்டை வாங்கியவள். பாலன், அவளுடைய அண்ணன். ஜெஞ்சாரோமில் லோரி ஓட்டுகிறவர், இன்று லீவு. லோகேஷ், புது வீடுகளைச் சோதித்து இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கும் கம்பெனியின் ஆள்.

இடம்: சாலாக் செலாத்தான். பதினாலாவது மாடியில் இன்னும் யாரும் குடிவராத ஒரு பிளாட். மத்தியானம்.

— அப்போ 'கேர்ஃபுலி'ன்னா என்ன, 'தரோலி'ன்னா என்ன? அதைச் சொல்லு லோகேஷ்.

— அக்கா, கேர்ஃபுலின்னா கவனமா பார்க்கிறது. தரோலின்னா முழுசா, ஒரு இடம் விடாம.

— அப்ப கேர்ஃபுலில இடம் விடுவியா தம்பி?

— அப்படி இல்லண்ணே.

— சும்மா கேட்டேன் லா. எங்க லோரியில ரெண்டே வார்த்தை. பிரேக் பார்த்தாச்சு, பிரேக் பார்க்கல. நடுவுல ஒண்ணும் கிடையாது.

— பாலண்ணே, நீ கொஞ்சம் இரு. ரிப்போர்ட்டை நான் படிக்கிறேன். குசினி சிங்க், 'க்ளோஸ்லி'. ஜன்னல், 'கேர்ஃபுலி'. ஹால் தரை, 'தரோலி'. சுவிட்ச் பெட்டி, 'மைன்யூட்லி'. அது என்ன லோகேஷ்?

— நுணுக்கமா பார்க்கிறது அக்கா. டார்ச் அடிச்சு, மூக்கை ஒட்டி வச்சு.

— மூக்கைக் கொண்டுபோய் சுவிட்ச் பெட்டியில வச்சியா? இன்னும் உசுரோட நிக்கிறே!

— அண்ணே, அது எழுதுற ஸ்டைல். ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தா கஸ்டமர் நம்மளைச் சோம்பேறின்னு நினைப்பாங்கன்னு எங்க பாஸ் சொல்வாரு. அதான் ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு.

— பாத்டப், 'பெயின்ஸ்டேக்கிங்லி'.

— அது ரொம்பப் பாடுபட்டுப் பார்க்கிறது அக்கா.

— ரொம்பவே பாடுபட்டிருக்கணும். இந்த வீட்டுல பாத்டப்பே இல்ல.

— ஐயோ தம்பி! இல்லாததைத் தேடித் தேடிப் பார்த்தியா? அதான் பாடு.

— சிரிக்காதீங்கண்ணே. அது செராஸ்ல ஒரு பங்களாவுக்கு எழுதினது அக்கா. அதை எடுத்து இதுல ஒட்டினேன். அந்த வரியை அழிக்க மறந்துட்டேன்.

— நீ இந்த வீட்டுக்குள்ள வந்தியா, வரலையா?

— வந்தேன்! ஹால்ல நின்னு போட்டோகூட எடுத்தேன்.

— அப்புறம்?

— அப்புறம் வேற வீட்டுக்குப் போயிட்டேன். உண்மையைச் சொல்லவாக்கா? நான் கண்ணால பார்த்த இடத்துல வெறும் 'செக்ட்'னுதான் போட்டிருப்பேன். கடைசியில லீ வச்ச வார்த்தை எல்லாம்… பாஸுக்காக.

— 'செக்ட்' ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு. வாசக்கதவு.

— ஆமாக்கா. அதைத் திறந்துதானே உள்ள வந்தேன்.

— உஷா, இவனை எனக்குப் பிடிச்சுப் போச்சு.

— உனக்குப் பிடிக்கும் பாலண்ணே. நாளைக்கு இங்க வர்றது எங்க மாமியார். அவங்களுக்கு இடுப்புல ஆபரேஷன் முடிஞ்சிருக்கு லோகேஷ், ஆஸ்பத்திரியில இருந்து நேரா இந்த வீட்டுக்குத்தான். நானும் அவரும் வேலைக்குப் போயிட்டா அவங்க தனி. என்னென்ன ரிப்பேர்னு இன்னைக்கு டெவலப்பர் ஆபீஸ் மூடுறதுக்குள்ள கொடுத்தாகணும். விட்டா எல்லாம் எங்க தலையில. உன் ரிப்போர்ட்ல ஒரு குறைகூட இல்ல.

— குறை இல்லாத வீடு அக்கா! இந்த பிளாக் முழுக்க ஒரே டிசைன், ஒரே கான்ட்ராக்டர், ஒரே சாமான். ஒண்ணைப் பார்த்தா எல்லாத்தையும் பார்த்த மாதிரி. எங்கம்மாவே கீழ பதினோராவது மாடிக்குப் போன வாரம்தான் குடிவந்தாங்க. மோசமான பிளாக்கா இருந்தா சொந்த அம்மாவைக் கொண்டாந்து வைப்பேனா?

— அந்த வீட்டுக்கு யாரு ரிப்போர்ட் எழுதினது?

— நான்தான்.

— அதையாவது பார்த்தியா?

— அம்மா வீடுதானேக்கா. இதே ரிப்போர்ட்டைப் பேர் மாத்தி…

— பாத்டப்போடயா தம்பி?

— பாத்டப்போடதாண்ணே.

— அவங்ககூட யாரு இருக்கா?

— தனியாத்தான்க்கா. நான் கிள்ளான்ல ரூம் எடுத்து இருக்கேன். மத்தியானச் சாப்பாடு அங்கதான்னு சொல்லலாம்னு காலையில இருந்து கூப்பிடறேன், எடுக்க மாட்டேங்குறாங்க. பாசாருக்குப் போயிருப்பாங்க. போனா லேசுல திரும்ப மாட்டாங்க, மீன்காரன்கிட்ட சண்டை போட்டாத்தான் அவங்களுக்குச் சோறு இறங்கும்.

— சரி. கடைசியா ஒண்ணு. பாத்ரூம் கதவு, 'மெட்டிகுலஸ்லி'. இது எந்த ரகம்?

— அதுதான்க்கா உச்சம். துளி விடாம, துருவித் துருவி. அதுக்கு மேல வார்த்தை இல்ல.

— அப்ப உள்ள போ. கதவைச் சாத்திப் பூட்டு. அப்புறம் திற.

— இவ்வளவுதானா? அண்ணே, என் போனைக் கொஞ்சம் பிடிங்க, உள்ள ஈரமா கிடக்கு.

— கொடு தம்பி. மூக்கைப் பத்திரமா பார்த்துக்க.

— சாத்திட்டேன்! பூட்டிட்டேன்! சத்தம் கேட்டுச்சாக்கா? ஜம்முனு இருக்கு.

— கேட்டுச்சு. இப்பத் திற.

— திறக்கிறேன்… குமிழ் சுத்துது. லாக் விடல.

— நல்லா சுத்து.

— சுத்துறேன்க்கா! அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கு!

— உஷா, இது உனக்கு முன்னாடியே தெரியுமா?

— நேத்து திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்தேன் பாலண்ணே. உள்ள மாட்டிக்கிட்டேன். போன் ஹால்ல. கத்திக் கத்தித் தொண்டை போச்சு, பக்கத்துல யாரும் குடிவரல. இருட்டுற நேரத்துல அவரு தேடிக்கிட்டு வந்து, இதோ இந்த வெளிப்பக்கக் குமிழ் ஓட்டையில இருபது காசை வச்சுத் திருப்பினாரு. திறந்துச்சு.

— அடிப்பாவி, எனக்குச் சொல்லவே இல்லையே!

— அக்கா, விளையாடாதீங்க. அந்தக் காசை வைங்க.

— வைக்கிறேன். அதுக்கு முன்னாடி உள்ள இருக்கிறதை ஒவ்வொண்ணா பார்த்துச் சொல்லு, நான் எழுதிக்கிறேன். எங்க மாமியார் உள்ள போய்ச் சாத்திக்கிட்டா வெளிய காசு வைக்க ஆள் இருக்காது. ஹீட்டர்ல இருந்து ஆரம்பி.

— நிதானமா பாரு தம்பி. எந்த லீ வேணும்னாலும் போட்டுக்க லா.

— ஹீட்டர் ஒயர் தொங்குது…

— எழுதிட்டேன். அடுத்தது?

— அக்கா… பதினோராவது மாடியிலயும் இதே லாக்தான். அண்ணே கையில இருக்கிற போனைப் பாருங்க. அம்மா திரும்பக் கூப்பிட்டாங்களா?