பதின்மூன்றாவது டோனட்

— ஆகவே குலசிங்கம், கேட்டதைக் குடுக்கிறது வியாபாரம். கேளாததையும் சேர்த்துக் குடுக்கிறதுதான் நாகரிகம். கத்தரிக்காய் வாங்க வந்தவளின்ர பைக்குள்ளை ஒரு பிடி கறிவேப்பிலையைக் கொசுறாய்ப் போட்டுவிடுகிற அந்த மனம், உலகத்திலேயே தமிழனுக்கு மட்டும் வாய்த்த மனம். வெள்ளைக்காரனிட்டை அதுக்கு ஒரு சொல்லுகூட இல்லை.

— சிவபாதம் அண்ணன், ஒரு டசின் டோனட் வாங்கினதுக்கு அந்த வெள்ளைக்கார மனுசி சும்மா போட்டுத் தந்த பதிமூணாவதத் திண்டுகொண்டுதான் இதச் சொல்றீங்க. மீசையில சீனி.

— அது விதிவிலக்கு. ஆளைப் பார்த்துத் தாற மரியாதை. யாழ்ப்பாணக் கச்சேரியிலை நான் தலைமைக் கிளாக்கராய் இருந்த காலத்திலை...

— கச்சேரி கனடாவுக்கு, ஸ்கார்பரோவுக்கு வரக்குள்ள பாப்பம். இந்தக் கயித்தப் புடிங்க. பன்னிரண்டு மணிக்கு வானைக் கொண்டாறன் எண்டு கூட்டாளி பேபி சொன்னவன். மெத்தையக் கட்டி வைக்கோணும்.

— கயிறு கிடக்கட்டும். முதல் ஒண்டு தின். பெட்டி நிறையக் கிடக்கு.

— ரெண்டு வருசமாச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பெட்டி நிறையத்தான் கிடக்கு. ஒண்டு உங்களுக்கு, பன்னிரண்டும் எனக்கு. மட்டக்களப்பில இருந்து வரக்குள்ள நான் நூல் மாதிரி வந்த ஆள். ரெண்டு பேர் இருக்கிற பேஸ்மென்டுக்கு ஏன் அண்ணன் ஒரு டசின்?

— குறைய வாங்கினால் அவ மேலாலை போடமாட்டா.

— அவ ஏன் போடுறா எண்டு எனக்கு நேத்துத்தான் தெரிஞ்ச. கோப்பி வாங்கப் போனன். மறுகா அந்த மனுசி என்னை மறிச்சு, உன்ட அண்ணன்ட சின்ன மகளுக்கு விழுந்த பல்லு முளைச்சிட்டா எண்டு கேக்கிறா. கடைசி டோனட் அந்தப் புள்ளைக்காம். ரோஸ் நிறத்துல பூசினதாப் பாத்து எடுத்து வைக்கிறவவாம்.

— நீ என்ன சொன்னனி?

— முளைச்சிட்டு எண்டன். வேற என்ன சொல்ற? மறுகா வேலையில நிண்டு யோசிச்சன். ஊரில இருந்து அண்ணியும் புள்ளையும் வந்திட்டாங்க போல. என்னை அறைய விட்டு எழும்பச் சொல்ல வாய் வராம அவங்கள எங்கயோ வைச்சிருக்கிறீங்களாக்கும் எண்டு. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா போன மாசமே பிக்கரிங்குக்கு என்ட மச்சான்ட வீட்ட போயிருப்பன்.

— ஒருத்தரும் வரேல்லை.

— அப்ப அவவுக்கு ஏன் அப்பிடிச் சொன்னீங்க?

— நான் சொல்லேல்லை, அவ கேட்டவ. எண்பத்தஞ்சு தை மாதம், வேலைத்தலத்துக்கு எண்டு ஒரு டசின் வாங்கப் போனன். காதெல்லாம் விறைச்சுப் போச்சு. வீட்டிலை சின்னப் பிள்ளையள் இருக்கோ எண்டு கேட்டா. இந்த நாட்டிலை கையிலை விண்ணப்பப் பாரம் இல்லாமல் என்னட்டை ஒருத்தர் கேட்ட முதல் கேள்வி அது. ஓம் எண்டு வாயிலை வந்திட்டுது. ஒண்டைத் தனியக் கடதாசியிலை சுத்தித் தந்தா. அதுக்குப் பிறகு வெறுங்கோப்பியோடை திரும்பிறது எப்பிடி?

— பல்லு?

— அவ ஒவ்வொரு கிழமையும் விசாரிக்கிறா. நானும் ஏதாவது சொல்லத்தானே வேணும்.

— சரி விடுங்க. பெரிய பொய்யா இது? யாழ்ப்பாணத்தில இருக்கிற புள்ள. இங்க வந்திட்டு எண்டு கொஞ்சம் முந்திச் சொல்லிட்டீங்க. அவ்வளவுதானே.

— குலம், நீ இப்ப அவசரப்பட்டுப் போகத் தேவையில்லை. பிக்கரிங் எண்டால் வீடும் வெளியும்தான். வேலைக்கு ரெயினிலை வரவேணும். ஒரு தேத்தண்ணிக்கும் ஆள் இல்லை.

— இருக்கிறது ஒரு அறை. அண்ணியும் புள்ளையும் எங்க படுக்கிற? ஸ்பொன்சர் பாரம் சரிவந்திட்டு, தைப்பொங்கலுக்கு இங்கதான் எண்டு நீங்கதானே சொன்னீங்க.

— சொல்லுறது எல்லாம் நடக்குதே.

— நடக்கும். இந்தாங்க, இதப் புடிங்க.

— என்ன உது?

— பிரிச்சுப் பாருங்க. சின்னக் கோட்டு. கடையில ஏழு வயசுக்கெண்டு கேட்டன், கொஞ்சம் பெருசாத்தான் தந்தாங்க. அடுத்த குளிருக்கும் போடலாம். நீங்க கேக்கல்ல, நான் சும்மா வாங்கின. விமானத்தால இறங்கக்குள்ள புள்ள நடுங்கக் கூடாது.

— உதை நீயே வைச்சிரு. பேந்து பார்ப்பம்.

— பேந்து எங்க பாக்கிற? ஹோர்ன் அடிக்கிறான், பேபி வந்திட்டான். மெத்தையில இருந்து எழும்புங்க அண்ணன். கோட்ட மடியில வைச்சுக்கொண்டு ஏன் அப்பிடிப் பாக்கிறீங்க? அளவு காணாதா? புள்ளைக்கு ஏழா, எட்டா?

— குலம், எனக்குக் கலியாணம் ஆகேல்லை.