கிளடிஸ் அன்ரிக்கு ஒரு முழுப்பக்கம்

என் விருது விழாவில் கொடுத்த மட்டன் ரோல் அருமை, அபிஷன் தம்பி. எங்கள் பிள்ளையொன்று பொலிசில் இருந்து வாக்குமூலம் எழுதுவது அதைவிடச் சந்தோஷம். எழுதுங்கள். பெயர் விநாயகமூர்த்தி. இங்கே கனடாவில், ஸ்காபரோக் கடை வாசல்களில் இலவசமாக எடுத்துப்போகிற தமிழ் வார இதழ் என்னுடையது.

1878இல் வெள்ளைக்காரன் இந்தியாவில் கொண்டுவந்த பத்திரிகைச் சட்டத்தைப் பற்றிப் பன்னிரண்டு வாரம் தொடர் எழுதினேன். நாட்டுமொழிப் பத்திரிகைகளுக்கு மட்டும் வாய்ப்பூட்டு, ஆங்கிலத்துக்கு இல்லை. அச்சிடுமுன் அதிகாரியிடம் காட்டினால் தப்பலாம். வழக்குப் போட்டு மேல்முறையீடும் செய்ய முடியாது. என்ன அநியாயம் பாருங்கள். எழுத எழுதக் குஷி தாங்கவில்லை. கருத்துச் சுதந்திரத்துக்கென்று விருதே தந்துவிட்டார்கள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு நிரூபா ஒரு கட்டுரை கொண்டுவந்தாள். எங்கள் பத்திரிகையில் எழுதுகிற பிள்ளை, கெட்டிக்காரி. ஸ்ரௌவ்வில்லில் ஒரு முதியோர் இல்லத்தில் கட்டிடத்தைச் சூடாக்குகிற பேஸ்மென்ற் ஹீற்றர் பழுதாகி மூன்று வாரமாம், திருத்தவில்லையாம். அங்கே இருக்கிற கிளடிஸ் அன்ரி மூன்று போர்வைக்குள் நடுங்குகிற படமும் இருந்தது. இல்லத்துக்காரர் யோசப் எங்கள் கடைசிப் பக்க விளம்பரக்காரர். மண்டபமும் ரோலும் அவருடைய உபயம். ஒளிவுமறைவு எனக்குப் பிடிக்காது, கட்டுரையை அவருக்கே அனுப்பிக் காட்டினேன். வேண்டாம் என்றார்.

நிரூபாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் இங்கிலிஷ் பேப்பருக்குக் குடுக்கிறன், அங்கிள்."

"விழா முடியட்டும் பிள்ளை. அடுத்த கிழமை நானே போடுறன்."

போடுகிற எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அவள் நம்பினாள், பாவம், பொறுத்திருந்தாள்.

விழாவன்று வெளியே மைனஸ் இருபத்திரண்டு. எனக்கோ பொன்னாடைக்குள் வேர்த்துக் கொட்டியது. கைதட்டல் ஓயவே இல்லை, தம்பி, கால் நிலத்தில் நிற்கவில்லை. அன்று காலையே கிளடிஸ் அன்ரி கட்டிலில் விறைத்துப்போய்க் கிடந்திருக்கிறார். செய்தி எனக்கு மேடைக்குப் போகமுன்னமே வந்தது. நல்ல நாளில் ஏன் என்று போனை அணைத்துவிட்டேன்.

ஓம், கட்டுரை வந்திருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார். அதை அப்படியே எழுதுங்கள். ஆனால் செய்தியை மறைத்தேன் என்று மட்டும் எழுதவேண்டாம். அவருடைய மரண அறிவித்தலை முழுப்பக்கத்தில், கலரில், ஒரு சதம் வாங்காமல் போட்டேன். படம்கூட நிரூபா எடுத்ததுதான். போர்வைகளை மட்டும் வெட்டிவிட்டேன்.